றிவோல்வர் வாங்க விரும்பிய ஒருவருக்கு அலுவலகத்தால் உயிர்ப்பயம் வழங்கப்பட்டமை தொடர்பாக

அனுப்புநர்:
க. விஜயரத்தினம், இயந்திரப் பொறியியலாளர்,
மூலன்வெக் 11,
கிரேவன்ஷைட், மேற்கு ஜேர்மனி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்,
கிரேவன்ஷைட்.

விடயம்: எனது ஆயுத உடைமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை மீளாய்வு செய்யக் கோருதல், எனது கோப்பில் உள்ள, எனக்கு நிகழாத துயரங்களை அகற்றக் கோருதல்.

தொடர்பு: தங்கள் ஆயுதப் பிரிவின் 22.09.1986 திகதிய கடிதம்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

முதலில் இம்மனு தமிழில் இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் கேட்கப் போவதில்லை. ஏனென்றால் இது தங்கள் அலுவலகத்தின் விருப்பம். ஆகன் நகரில் ஜேர்மன் மொழியில் பொறியியல் படித்து, அம்மொழியில் பரீட்சை எழுதி, அம்மொழியில் பூட்டுகளுக்கு வரைபடம் வரைந்து, அம்மொழியில் வரியும் செலுத்தும் என்னை, எழுத்து வாக்குமூலத்தைத் தாய்மொழியிலேயே தர வேண்டும் என்று ஆயுதப் பிரிவு பணித்தது. அந்த ஒழுங்கை நான் இப்போதும் மதித்து நடக்கிறேன். ஜேர்மன் மொழிபெயர்ப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதைச் செய்தவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. நான் 1969 இல் மாணவனாக இந்நாட்டுக்கு வந்தவன். அகதியாக வரவில்லை. இங்குள்ள பூட்டுத் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். தங்கள் அலுவலகத்தின் வாசற்கதவில் உள்ள பூட்டு எனது வரைபடத்தின்படி செய்யப்பட்டது. அது இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தக் கதவுக்கு உள்ளே நடப்பவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

2. எனக்கு ஓர் ஆசை உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து ஆயத்தம் செய்ய வேண்டிய பழைய முறை றிவோல்வர் ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதே அது. சுத்தியலை இழுக்காமல் விசையை எவ்வளவு அழுத்தினாலும் அது பேசாமல் இருக்கும். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்களைப் பக்கத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். அவசரக்காரனுக்கு இது உதவாது. இந்தக் காலத்தில் ஒருவரைச் சுட வேண்டும் என்று நினைப்பவன் இதைத் தெரிவு செய்தால், எதிரில் நிற்பவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம். நான் இதை விரும்புவது அதன் சத்தத்துக்காக. சுத்தியல் பின்னால் வரும்போது உள்ளே உருளை சுழன்று, நெம்பு ஏறி, பூட்டு விழும். நல்ல பூட்டு ஒன்றில் திறப்பு திரும்பும்போது கேட்கும் சத்தமும் அதுதான். என் மனைவி பவளத்துக்கு இதில் ஒரு துளி மரியாதையும் இல்லை. அதைக்கொண்டு தேங்காயாவது உடைக்கலாமா என்று கேட்டார். ஏலாது என்று சொன்னதும் அக்கறையை விட்டுவிட்டார். தங்கள் அலுவலகமும் அவரைப் போல அக்கறையை விட்டிருந்தால் இம்மனுவுக்குத் தேவை இருந்திருக்காது.

3. எனது தகுதி பற்றிச் சந்தேகம் இருக்கக்கூடாது. இந்நகரின் துப்பாக்கிச் சுடுநர் கழகத்தில் நான் பல ஆண்டுகால அங்கத்தவன். பச்சைக் கோட்டும் இறகு வைத்த தொப்பியும் அணிந்து, மேளத்துக்குப் பின்னால் நடந்து போகும் கூட்டத்தில் கறுத்த ஆள் ஒருவரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். 1984 கோடை விழாவில் கம்பத்தின் உச்சியில் இருந்த மரப்பறவையின் கடைசித் துண்டைச் சுட்டு விழுத்தியவனும் நானே. கழக வழக்கப்படி அந்த ஆண்டுக்கு நான் அரசன், பவளம் அரசி. நகரபிதா என் கழுத்தில் வெள்ளிச் சங்கிலியைப் போட்டு, என் காதுக்குள் நீண்ட நேரம் ஜேர்மனில் பகிடி சொன்னார். நான் சிரித்தேன். அப்போது எவரும் மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஓடவில்லை.

4. ஆயுத அறிவுப் பரீட்சையில் சித்தியடைந்தேன். கழகத்தின் சிபாரிசும் கிடைத்தது. கடைக்காரர் றிவோல்வரைத் தருவித்து, என் பெயரெழுதிய துண்டைக் கட்டி, தன் இரும்பு அலுமாரியில் வைத்தார். மிஞ்சியிருந்தது ஆயுதப் பிரிவில் ஒரு டெர்மின் மட்டுமே. அந்தச் சந்திப்பில் அதிகாரி என் கடவுச்சீட்டைத் திறந்து பார்த்ததும் முகம் மாறினார். இலங்கையர்களின் வாக்குமூலம் தாய்மொழியில் எழுதப்பட்டு, அலுவலகம் நியமிக்கும் மொழிபெயர்ப்பாளரால் ஜேர்மனாக்கப்பட வேண்டும் என்று மேல்மாடி வெளிநாட்டவர் பிரிவில் ஒரு சுற்றறிக்கை இருக்கிறதாம். அது அகதிகளுக்காக எழுதப்பட்டது என்று சொன்னேன். அதில் இலங்கையர் என்றுதான் இருக்கிறது, என்ன தேவைக்கு என்று இல்லை என்றார். நான் சொன்னதை ஜேர்மனிலேயே சொன்னேன். அவர் பதிலும் ஜேர்மனிலேயே இருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டு, எனக்கு ஜேர்மன் விளங்காது என்ற முடிவுக்கு வந்தோம்.

5. சரி, தமிழில்தானே வேண்டும் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ‘இந்த ஆயுதம் உமக்கு ஏன் தேவை’ என்பது கேள்வி. கோபத்தில் நான்கு பக்கம் எழுதினேன். நெம்பு பற்றி, வில்லு பற்றி, சுத்தியலின் சத்தம் பற்றி எழுதினேன். இதுவரை நான் தமிழில் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். காதற் கடிதங்களையும் சேர்த்தே சொல்கிறேன். பவளமும் அதை ஒப்புக்கொள்கிறார். அந்த நான்கு பக்கத்தையும் ஆயுதப் பிரிவு உறையில் இட்டு மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பியது. ஜேர்மனில் அது என்னவாக மாறியது என்பதை எனக்குக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜேர்மன் தெரியாதவனுக்குக் காட்டி என்ன பயன்?

6. பிறகு நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதை நின்றபடி வாசிக்கத் தொடங்கிய நான் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. அக்கடிதத்தின்படி, 1983 யூலை இனக்கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த என் தையற்கடை எரிக்கப்பட்டது. நான் அக்காவுடன் அயல்வீட்டுச் சிங்களப் பெண்மணியின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து உயிர் தப்பினேன். அடுத்த நாள் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று கடையில் இருந்தது. என் தம்பி அதை எடுக்கத் திரும்பிப் போய், வரவேயில்லை. ஆகவே எனக்கு எந்நேரமும் உயிர்ப்பயம் இருக்கிறது, தற்காப்புக்காக ஆயுதம் கேட்கிறேன். கடிதம் தொடர்ந்து சொல்கிறது: ‘விண்ணப்பதாரரின் விவரிப்பு முரண்பாடற்றது, முழுமையாக நம்பத்தகுந்தது. குறிப்பாகக் கோட்டு பற்றிய விவரம் நேரில் அனுபவித்த ஒருவராலேயே கூறக்கூடியது.’ இத்தகைய துயரை அனுபவித்தவரிடம் ஆயுதம் கொடுப்பது ஆபத்தானது, தற்காப்பு ஏற்கத்தக்க தேவையுமல்ல, எனவே விண்ணப்பம் மறுக்கப்படுகிறது என்று முடிகிறது.

7. தலைவர் அவர்களே, 1983 யூலையில் நான் மோசல் நதிக்கரையில் கூடாரம் அடித்து நுளம்புக்கடி பட்டுக்கொண்டிருந்தேன். கொழும்பில் எனக்குக் கடை இருந்ததில்லை. எனக்கு ஒரு பொத்தான் தைக்கவும் தெரியாது. தம்பியும் இல்லை. மூன்று அக்காமார் உண்டு. மூவரும் சுகமாக இருக்கிறார்கள், ஒவ்வொரு கடிதத்திலும் என்னைத் திட்டுகிறார்கள். நான் 1969 முதல் இங்கே வசிக்கிறேன் என்பது தங்கள் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஆயுதப் பிரிவுக்கு ஏலாமற் போயிற்று. பக்கம் திருப்புவதற்கும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார் போலும்.

8. இதோடு விட்டார்களா? கடிதத்தின் பிரதி கழகத்துக்கும் போயிற்று. கழகத் தலைவர் நேரில் வந்து, ஆயுத அறையின் திறப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொண்டு என் கையைப் பிடித்து, தம்பியைப் பற்றி இத்தனை வருடமாக ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று கண் கலங்கினார். எனக்குத் தம்பி இல்லை என்றேன். இப்போது இல்லைத்தான் என்று மேலும் கலங்கினார். அவருடைய மனைவி பிளம்ஸ் கேக் கொடுத்துவிட்டிருந்தார். பவளம் அதை வாங்கி வைத்துவிட்டு, பிறக்காத மச்சானுக்காக நாங்கள் கேக் தின்பதா என்று என்னைப் பார்த்தார். தின்றோம். வருகிற கோடை விழாவில் நான் மேளத்துக்குப் பின்னால் நடக்கலாம், ஆனால் சுட முடியாது. தெருவில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். தோட்டத்து வேலியின் மறுபக்கம் இருக்கும் அம்மையார், நான் சுத்தியலால் ஆணி அடித்தபோது என் மனைவிக்கு ஏதும் ஆபத்தோ என்று விசாரித்தார். றிவோல்வர் என் பெயரோடு இன்னொருவரின் அலுமாரியில் கிடக்கிறது. மாத முடிவுவரையே வைத்திருப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

9. மொழிபெயர்ப்பாளர் யார் என்று விசாரித்தேன். புகையிரத நிலையத்துக்குப் பின்னால், ஒருகாலத்தில் ஹோட்டலாக இருந்த அகதி விடுதியில் இருக்கும் அலோசியஸ் என்ற இளைஞர். விடுதியில் மற்றவர்களைவிட விரைவாக ஜேர்மன் பிடித்துக்கொண்டதால் மேல்மாடிப் பிரிவு அவரை மணித்தியாலக் கூலிக்கு அழைக்கிறது. அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்பதற்கென்றே போனேன். விடுதிக்காரர்களோடு எனக்கு முன்பு பழக்கமில்லை, பழக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அறையில் அவர் எழுந்து நின்று என்னை வரவேற்றார். இருந்த ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். கடிதத்தை நீட்டி, என் நான்கு பக்கத்தில் எந்த வரியில் இது இருக்கிறது என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்தபடி சொன்னார்:

“ஆசைக்குத் துவக்கு வாங்கிற தமிழனை நான் இன்னும் காணேல்லை அண்ணை. நீங்கள் உண்மையைச் சொல்ல வெக்கப்பட்டு வில்லு, நெம்பு எண்டு எழுதியிருக்கிறியள் எண்டு நினைச்சன். அப்பிடியே குடுத்தால் தள்ளிப்போடுவினம். நான் பாத்த அன்ட்ராக் எல்லாத்துக்கும் உயிர்ப்பயம்தான் வேணும்.”

தங்கள் அலுவலகத்துக்காக அவர் மொழிபெயர்த்த அன்ட்ராக், அதாவது விண்ணப்பங்கள், அனைத்தும் அப்படிப்பட்டவை. வேறு வகை விண்ணப்பம் ஒன்றை இந்நாட்டில் எவரும் அவரிடம் கொடுத்ததில்லை. நாய்க்கு அனுமதிப் பத்திரம் கேட்டு நான் எழுதியிருந்தாலும், நாய்க்கு உயிர்ப்பயம் என்றே வந்திருக்கும். அவர் எனக்கு உதவி செய்திருக்கிறார். அந்த உதவியில் என் பெயர் போயிற்று, அது வேறு விடயம். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பிறகு, இவ்வளவு விவரமாக ஒரு பொய்யை எங்கேயிருந்து எடுத்தீர் என்று மட்டும் கேட்டேன்.

10. அது பொய்யல்ல, தலைவர் அவர்களே. வெள்ளவத்தையில் தையற்கடை அலோசியஸுடையது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தன் அக்காவுடன் இருந்தவர் அவர். அந்தக் கோட்டுக்குக் கைப்பட்டி தைத்தவரும் அவரே. காலையில் மாப்பிள்ளை வருவார், சொன்ன சொல் தவறக்கூடாது என்று தம்பியிடம் சொன்னவரும் அவரே. தம்பியின் பெயர் பீலிக்ஸ். வயது பத்தொன்பது. ‘நான் கெதியா வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர். எனக்காக ஒரு கதை தேவைப்பட்டபோது, அலோசியஸிடம் இருந்தது அது ஒன்றுதான்.

11. இதே கதையை அலோசியஸ் சென்ற வருடம் தங்கள் கட்டடத்தின் மேல்மாடியில், தன் பெயரில், தன் வாயால் சொல்லியிருக்கிறார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை எனக்குக் காட்டினார். அதில் மேல்மாடி விசாரணை அதிகாரியின் கருத்து எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது: ‘எரியும் கடைக்குள் ஒருவர் ஒரு கோட்டுக்காகத் திரும்பிச் செல்வார் என்பது பொது அனுபவத்துக்கு ஒவ்வாதது. இவ்விவரம் புனையப்பட்டது என்று கருத வேண்டும்.’ இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் இணைத்துள்ளேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதே கடை, அதே மூட்டை, அதே கோட்டு. கீழ்மாடியில் அது நேரில் அனுபவித்தவரால் மட்டுமே சொல்லக்கூடியது. மேல்மாடியில், நேரில் அனுபவித்தவரே சொன்னபோது, அது கற்பனை. நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டு மட்டுமே.

இதற்கு ஒரு விளக்கம்தான் எனக்குத் தோன்றுகிறது. நம்பினால் மறுக்கலாம் என்ற இடத்தில் நம்பினீர்கள். நம்பாவிட்டால் மறுக்கலாம் என்ற இடத்தில் நம்பவில்லை. ஒரு பூட்டை நான் இப்படி வடிவமைத்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் பூட்டிக்கொள்ளும் பூட்டு என்று சொல்லி, தொழிற்சாலை என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு காலம் இந்த அலுவலகத்துக்குப் பிந்தாமல் வரி கட்டிவிட்டு, ஒரு தமிழனாக இல்லாததுபோலத் தொப்பியில் இறகு வைத்து நடந்தேனே என்று வெட்கமாக இருக்கிறது. தங்களுக்கும் கொஞ்சம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

12. இம்மனுவால் அலோசியஸுக்குக் கிடைக்கும் மணித்தியாலக் கூலி நிற்கக்கூடும் என்பதை நான் அறிவேன். அதை அவரிடம் சொன்னேன். எழுதாமல் விடலாம், றிவோல்வர் இல்லாமலும் நான் உயிர் வாழ்வேன் என்றும் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

“எழுதுங்கோ அண்ணை. என்ரை கதையை அவை ஒருக்காத்தான் நம்பினவை. அது உங்கடை பேரிலை இருக்கு.”

அவருடைய மேன்முறையீடு அடுத்த மாதம் நீதிமன்றத்துக்கு வருகிறது. அதிலும் தோற்றால் அவர் கொழும்புக்கு அனுப்பப்படுவார். சட்டத்தரணி வைக்க அவருக்கு வழியில்லை. ஆனால் அவருடைய சொல் முழுமையாக நம்பத்தகுந்தது என்று ஜேர்மன் அதிகாரி ஒருவர் கையொப்பமிட்டு முத்திரையும் குத்திய கடதாசி இருக்கிறது. அது தவறான ஆளின் கோப்பில் இருக்கிறது என்பது மட்டுமே குறை.

எனவே தங்களிடம் நான் வேண்டுவன:

முதலாவது, எனது கோப்பில் உள்ள வெள்ளவத்தைத் தையற்கடையையும், அரிசி மூட்டைகளையும், கோட்டையும், பீலிக்ஸையும் எடுத்து, அவற்றை நம்பத்தகுந்தவை என்று ஏற்றுக்கொண்ட தங்கள் அதிகாரியின் குறிப்போடும் கையொப்பத்தோடும் சேர்த்து, மேல்மாடியில் உள்ள அலோசியஸின் கோப்பில், அடுத்த மாத விசாரணைக்கு முன்பாக, வைக்க வேண்டும்.

இரண்டாவது, எனது நான்கு பக்கத்தையும் உள்ளபடி மொழிபெயர்த்து வாசித்து, எனது விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்க வேண்டும்.

தங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனுவுக்கு ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்று இருந்தால், முதலாவதைச் செய்யுங்கள். றிவோல்வரைக் கடைக்காரர் வேறொருவருக்கு விற்றுவிடட்டும். அது எங்கே இருந்தாலும் சத்தம் ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தங்களுக்கு விளங்காது. பவளத்துக்கு விளங்கும்.

இறுதியாக, மொழிபெயர்ப்புப் பற்றி. இணைத்துள்ள ஜேர்மன் பிரதி அலோசியஸ் எழுதியது. இம்முறை நான் அருகில் இருந்து வரிக்கு வரி பார்த்தேன். என் கோபத்தைச் சில இடங்களில் அவர் மரியாதைக்காகக் குறைக்கப் பார்த்தார். விடவில்லை. மற்றபடி ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. பத்தாவது பந்தி வந்தபோது பேனையை மேசையில் வைத்துவிட்டு யன்னலடிக்குப் போய்விட்டார். ஆகையால் அந்த ஒரு பந்தியை மட்டும் நான் மொழிபெயர்த்தேன். அதில் ஜேர்மன் பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை. மற்றதெல்லாம் அவருக்கு நடந்தது.

தங்கள் பதிலை, எந்த மொழியில் இருந்தாலும், எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) க. விஜயரத்தினம்
1984 ஆம் ஆண்டின் அரசன், கிரேவன்ஷைட் துப்பாக்கிச் சுடுநர் கழகம்

இடம்: கிரேவன்ஷைட்
திகதி: 14 ஒக்டோபர் 1986

இணைப்பு: நிராகரிப்புக் கடிதங்கள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக.